பொத்தாம்பொதுவாக ஒரு மனு

மனு எழுதுவதில் எனக்குக் கர்வம் உண்டு. சமையலில் கிடையாது, கோலத்தில் கிடையாது, மருமகளிடம் நல்ல பேர் வாங்குவதில் சுத்தமாகக் கிடையாது. ஆனால் முப்பத்து நாலு வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி, குமாஸ்தாவாக நுழைந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தவள் நான். ஒரு மனுவை முன்னால் வைத்தால், இது நகருமா கிடப்பில் கிடக்குமா என்று முதல் நாலு வரியிலேயே சொல்லிவிடுவேன். நாகர்கோவிலுக்கு வெளியே வயலில் மண்ணடித்து மேடாக்கிப் போட்ட காலனி எங்களுடையது. இங்கே தெருவிளக்கு வந்தது என் மனுவால். ஓடைக்கு மூடி வந்ததும் என் மனுவால். மினி பஸ் உள்ளே வந்து திரும்பிப் போகிறதென்றால் அதற்கும் நான்தான் காரணம், இதை யாரும் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

என் தொழில் ரகசியம் ஒன்றுதான். மனுவில் யார் பேரையும் போடக் கூடாது. பேர் போட்டால் அது இரண்டு வீட்டுச் சண்டை. கூப்பிட்டுச் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். பேர் போடாமல் பொத்தாம்பொதுவாக எழுதினால் அது ஊர்ப் பிரச்சினை, கோப்பு தானாக நகரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரி பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்தேழு வருஷமாக அடுத்தடுத்த வீடு. நான் அவளை ஏட்டி என்பேன், அவள் என்னை மக்கா என்பாள். அவர்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள். தாத்தா காலத்திலிருந்தே வாத்தியார், நர்ஸ், எஞ்சினீயர் என்று படிப்பும் சம்பளமுமாக இருந்த குடும்பம். நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டு வட்டயப்பம் எங்கள் வீட்டுக்கு வரும், தை மாசம் எங்கள் வீட்டு முந்திரிக்கொத்து அங்கே போகும். இதைப் பெரிய மத நல்லிணக்கம் என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. பக்கத்து வீடு, அவ்வளவுதான்.

அவள் வீட்டுக்காரர் பொதுப்பணியில் எஞ்சினீயராக இருந்தவர். எனக்கு அண்ணாச்சி. அவர்கள் சபைக் கோயில் பாடகர் குழுவில் நாற்பது வருஷம் அடிக்குரல் பாடியவர். ‘பாஸ்’ என்று அவர்கள் சொல்வார்கள். எல்லோரும் மேலே பாடிக்கொண்டு போக, அடியில் ஒரு குரல் தனியாக நடந்து வருமே, அது. ஆள் நெடுநெடுவென்று இருப்பார். பேச்சு கொஞ்சம்தான், ஆனால் பேசினால் நாலு பேர் சிரிப்பார்கள். என் மனுக்களை வாசித்துவிட்டு, "தங்கச்சி, இத வாசிச்சா எனக்கே தெருவெளக்கு போட்டுத் தரணும்னு தோணுகு," என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. அதைவிடப் பெரிய இடி, பேச்சு போயிற்று. சாயா வேண்டும் என்றாலும் "அது". கால் வலிக்கிறது என்றாலும் "அது". பெண்டாட்டியைக் கூப்பிட்டாலும் "அது, அது". சொல்ல வந்தது வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். கண்ணில் தண்ணீர் முட்டும். கையில் அகப்பட்ட தம்ளரைத் தூக்கி எறிவார். அப்படி ஒரு சாந்தமான மனுஷன்! அவள் அந்தத் தம்ளரைக் குனிந்து எடுப்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

நாலைந்து மாசம் கழித்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அவர்கள் சபைப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நோயாளிக்காக ஜெபம் பண்ண வந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து பாடினார்கள். நான் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். பெண் குரல்களுக்கு அடியிலிருந்து ஒரு ஆண் குரல் எழும்பியது. யாரோ பாதிரியார் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் அவள் முற்றத்துக்கு ஓடி வந்து மேலே பார்த்துக் கத்தினாள். "மக்கா! மக்கா! ஓடி வா. அவ்வோ பாடுதாவ!"

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். சக்கர நாற்காலியில் அவர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். ஒரு சொல் பிசகவில்லை. மூன்று சரணமும் முழுசாக. பாட்டு முடிந்ததும் பெண்டாட்டியைப் பார்த்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஐந்து மாசத்துக்குப் பிறகு அவளுக்குத் தன் பேர் காதில் விழுந்தது. அந்த வீட்டில் அன்று அழாத ஆள் இல்லை, என்னையும் சேர்த்து.

பேச்சு தங்குகிற இடமும் பாட்டு தங்குகிற இடமும் மூளையில் வேறு வேறு என்று டாக்டர் சொன்னாராம். பாடி முடித்து ஒரு மணி நேரம் போல நாக்கு கொஞ்சம் இளகி இருக்கும். சாயா என்பார். மகன் எப்போது வருகிறான் என்பார். என்னைப் பார்த்தால் தங்கச்சி என்பார். பிறகு ஒவ்வொன்றாகப் போய்விடும், அடுத்த வியாழன் வரைக்கும் "அது"தான். போனில் பாட்டைப் போட்டுப் பார்த்தார்கள், போனையே முறைத்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மைக் சத்தத்தையும் கூட்டத்தையும் கண்டு பயந்து அழுதார். வீட்டில், தெரிந்த முகங்கள் சுற்றி உட்கார்ந்து பாடினால் மட்டும்தான் அவருக்குச் சொல் வந்தது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இனி என் அரசியலையும் சொல்ல வேண்டும். ஒழுங்கு வேண்டும் என்று ஓட்டுப் போடுகிறவள் நான். என் வீட்டுக்காரரும் அப்படித்தான், காலனியில் பாதிக்கு மேல் அப்படித்தான். யார் கழுத்தையும் அறுக்கக் கிளம்பியவர்கள் இல்லை. பென்ஷன் வாங்குகிறோம், பிடித்தம் போக வாங்குகிறோம், வீட்டு வரியை முதல் மாசமே கட்டுகிறோம், குப்பையைப் பிரித்துப் போடுகிறோம். கட்டுப்பாடாக இருக்கிற நம்மை எவனும் மதிப்பதில்லை, கூச்சல் போடுகிறவனுக்குத்தான் எல்லாம் என்று ஒரு புழுக்கம். அந்தப் புழுக்கத்துக்கு ஒரு கட்சி பேர் வைத்துக் கொடுத்தது. காலை நடையில் அதே பேச்சு, வாட்ஸ்அப்பில் அதே பேச்சு. நம் பண்பாடு, நம் கோயில், நம் காலனி. இந்த ‘நம்’முக்குள் பக்கத்து வீடு இருக்கிறதா என்று நான் யோசித்ததில்லை. இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் மூன்றாம் தெருவில் ஒரு வீட்டைப் ஜெபக்கூட்டம் நடத்துகிற ஒரு ஊழியக்காரர் புதிதாக வாடகைக்கு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளென ஸ்பீக்கர். டிரம். கைதட்டல். தெரு முழுக்க வெளியூர்க் கார், அவனவன் வீட்டு கேட்டைத் திறக்க முடியாது. எனக்கு ரத்தம் கொதித்தது. காலனி நலச்சங்கச் செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். அந்தக் கட்சியில் எங்கள் பகுதிப் பொறுப்பும் அவருக்குத்தான். அதிர்ந்து பேச மாட்டார். என் வீட்டுக்கு வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "எக்கா, ஒரு மனு வேணும். ஒங்க கையால எழுதினா காரியம் நடக்கும்."

அதுதான் எனக்குப் போதுமே! அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். ஊழியக்காரர் பேரையோ மூன்றாம் தெருவையோ எழுதவில்லை. ‘எமது குடியிருப்பில் எந்த ஒரு வீட்டையும், உரிய முன் அனுமதியின்றி, வழிபாட்டுக் கூட்டங்கள் நடத்தும் இடமாகப் பயன்படுத்துவதைத் தடை செய்யுமாறு’ என்று எழுதினேன். அந்த இடத்தில் என் பேனா நின்றது. எந்த ஒரு வீட்டையும் என்றால் அடுத்த வீடும்தானே? வியாழக்கிழமையும்தானே? ஒலிபெருக்கி வைத்து என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. சேர்த்துப் பார்த்தேன். வாக்கியம் நொண்டியது, ஸ்பீக்கரை மட்டும் எடுத்துவிட்டு அந்த ஆள் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்துவானே என்றும் தோன்றியது. அண்ணாச்சி வீட்டை யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

கையெழுத்து வாங்க நானே போனேன். அவளும் போட்டாள். போட மாட்டாளா? அந்த ஸ்பீக்கர் மேல் என்னைவிட அவளுக்குக் கோபம். "எங்க சபையில இப்பிடி ஆட்டம் போடுவாவளா? மானத்த வாங்குதானுவ," என்று முகத்தைச் சுளித்தாள். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"வாசிச்சிட்டுப் போடுட்டி," என்றேன்.

"நீ எழுதினத நான் வாசிக்கணுமாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மனு நகர்ந்தது. என் மனுவல்லவா, நகராமல் இருக்குமா? மூன்றே வாரத்தில் போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். கூட்டம் நடக்கும் வீடுகள் என்று அவர் கையில் இருந்த பட்டியலில் இரண்டே வீடு. ஒன்று ஊழியக்காரர் வீடு. இன்னொன்று அண்ணாச்சி வீடு. ஊழியக்காரர் மெயின் ரோட்டில் ஒரு ஹாலைப் பிடித்துக்கொண்டு பத்து நாளில் காலி பண்ணிவிட்டார். அண்ணாச்சி வீட்டிலோ, இனி கூட்டம் கூடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிக்கொண்டது.

செயலாளர் வீட்டுக்கு நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். "சார், அந்த வீட்ட எதுக்குக் குடுத்தீங்க? சொகமில்லாம மனுசன் கெடக்க வீடுல்லா?"

"ஸ்டேஷன்ல கேட்டாங்க எக்கா, எங்கெங்க கூடுதாவன்னு. ஒரு வீட்ட மட்டும் சொன்னா, பழி வாங்குதோம்னு நாளைக்குப் பேச்சு வரும். நீங்களே அப்பிடித்தான எழுதியிருக்கியோ, எந்த ஒரு வீட்டையும்னு."

"அப்பம் ஒங்க வீட்டுல மாசா மாசம் வெளக்குப் பூஜைக்கு முப்பது பேரு வாறோமே? அது கூட்டம் இல்லியா?"

அவருக்குக் கோபமே வரவில்லை. நான் கேட்டது அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "அது பண்பாடுல்லா எக்கா," என்றார். அவர் வீட்டம்மாள் எனக்குச் சாயா கொண்டுவந்து வைத்தாள். மனசு கொதித்தாலும் மரியாதைக்கு அதைக் குடித்துவிட்டு வந்தேன். எங்களுக்கெல்லாம் அந்த மரியாதைதான் கெடுதி. சாயாவைத் தட்டிவிட்டு ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அன்றைக்கே ஏதாவது நடந்திருக்கும்.

சபைப் பெண்கள் வருவது நின்றுபோயிற்று. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எல்லோரும் பென்ஷன் வாங்குகிற டீச்சர்மார், பிள்ளைகள் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். முதல் வியாழக்கிழமை அண்ணாச்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து "அது, அது" என்ற குரல் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்டது. நான் குக்கரை வைத்துவிட்டு ஹாலுக்குப் போய் டி.வி. போட்டேன். இதையும் எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன புண்ணியம்?

மூன்றாவது வியாழக்கிழமை என்னால் இருக்க முடியவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். "ஒரு ஆளு வந்தா கூட்டம் இல்லல்லா? நம்ம ரெண்டு பேரும் பாடுவோம்," என்றேன். பாட்டுப் புத்தகத்தை விரித்துக் கொடுத்தாள். அந்த மெட்டு இருபத்தேழு வருஷமாக மதில் வழியாகக் கேட்டு எனக்கும் தெரியும், ஆனால் எனக்குக் குரல் கிடையாது. அவள் நடு நடுவே வரியை விட்டுவிட்டுப் பாடினாள். இரண்டு கிழவிகளும் கத்திப் பார்த்தோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறந்தார். காத்திருந்தார். மூடிக்கொண்டார்.

"விடு மக்கா," என்றாள். "அவ்வோ பாடுகது அடியில உள்ள குரலுல்லா. மேல நாலு பேரு நெறஞ்சு பாடினாத்தான் அதுக்கு நிக்க எடம் கிட்டும்."

நான் மறுபடி மனு எழுதினேன். இந்தத் தடவை என் சட்டத்தையெல்லாம் தூக்கி எறிந்து, பேர் போட்டு, நோயைச் சொல்லி, டாக்டர் சீட்டு இணைத்து, வெட்கமில்லாமல் அழுது எழுதினேன். அது ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அறிக்கை கேட்டுப் போயிற்று. நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி எத்தனை காகிதத்தை ‘அறிக்கை பெற்று அனுப்புக’ என்று தள்ளிவிட்டிருப்பேன்! காத்திருப்பு என்றால் என்னவென்று அறுபத்து மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கு நடுவில் தேர்தல் வந்தது. என் ஓட்டை நான் மாற்றிப் போடவில்லை. பட்டனுக்கு முன்னால் நின்றபோது அண்ணாச்சி முகம் வரத்தான் செய்தது. ஆனாலும் மொத்த நாட்டு விஷயம் வேறு, நம் தெரு விஷயம் வேறு என்று ஒரு குரல் உள்ளேயிருந்து சமாதானம் சொன்னது. விரல் பழகின இடத்துக்கே போயிற்று. வெளியே வந்தால் அவள் தனியாக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். "போட்டாச்சா மக்கா?" என்றாள். போட்டாச்சு என்றேன்.

நாலு மாசம் கழித்து அனுமதி வந்தது. பதினைந்து பேருக்கு மிகாமல், ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு மணி நேரம். கடிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக நானே போய் அந்தப் பெண்களைக் கூப்பிட்டேன். பதினோரு பேர் வந்தார்கள். அண்ணாச்சிக்கு அவள் முகம் சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி உட்கார வைத்திருந்தாள். முதல் தடவை அவர் பாடின அதே பாட்டைத்தான் எடுத்தார்கள். நல்லாத்தான் பாடினார்கள். நாங்கள் எல்லோரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் பாடவில்லை. முதல் சரணத்தில் இல்லை, இரண்டாவதில் இல்லை. பாட்டை மாற்றினார்கள். அவருக்குப் பிடித்த இன்னொன்று, அப்புறம் கல்யாணத்தில் பாடுவது, சின்னப் பிள்ளைகள் பாடுவது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் முடிந்தது. அதற்கு மேல் பாட அனுமதி இல்லை. அடுத்த வாரமும் வந்தார்கள், அதற்கடுத்த வாரமும். பிறகு அவளே போதும் என்று சொல்லிவிட்டாள். "அது" என்பதும் இப்போது கிடையாது. நடுவில் இன்னொரு சின்ன அடைப்பு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அடைப்புதான், மனு இல்லை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

அவள் என்னிடம் ஒரு நாளும் முகம் கோணியதில்லை. அதுதான் என்னைக் கொன்றது. போன வாரம் அவள் வீட்டு வராந்தாவில் இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அண்ணாச்சி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டாள். "மக்கா, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும். அந்த மனு எழுதச்சில எங்க வியாழக்கெழமை ஒனக்கு ஓர்மை வந்துச்சா?"

அவளுக்கு இதற்கு மேல் வலிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். தெரிந்தே எழுதினேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "வரல்லட்டி," என்றேன். "சத்தியமா நெனப்பே வரல்ல."

கீரையைக் கீழே வைத்தாள். நாலு மாசமும் அழாமல் நின்றவள், நோட்டீஸ் வந்த அன்று அழாதவள், அவர் பாடாத அன்றும் அழாதவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"நீ ஓர்மிச்சிருப்ப, ஓர்மிச்சிட்டு ஒரு நிமிஷமாவது சங்கடப்பட்டிருப்பன்னு நெனச்சுத்தான் இத்தன நாளு ஒன்னோட இருந்தேன்," என்றாள். "எங்க வீடு ஒனக்கு ஓர்மையே வரல்லியா மக்கா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். இனி எதைச் சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை.